ஆர்கன்சா பக்கம் பூனையோடு குடிவருகிறீர்களா? முதலில் உண்ணியைப் பாருங்கள்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் இருக்கிற பென்டன்வில்லுக்கு வேலை மாறி வருகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். இட்லி அரிசி எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, டொர்னாடோ சங்கு ஊதினால் எந்த அறைக்குள் போய் உட்காருவது. கையில் பூனைக் கூண்டோடு வந்து இறங்குகிறவர்கள்கூட நாலாவது கேள்வியைக் கேட்பதில்லை. இரண்டு வாரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு வீடியோ வரும். கலிஃபோர்னியாவில் இரண்டாம் மாடி அபார்ட்மென்ட்டில் ஜன்னலோரமாகவே வளர்ந்த பூனை, இங்கே வீட்டுக்குப் பின்னால் முழங்கால் உயரப் புல்லில் புரண்டுகொண்டிருக்கும். "பாருங்க அக்கா, அதுக்கும் ஊர் புடிச்சுப் போச்சு!" எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஏனென்றால் அந்தப் புல்லில் உண்ணி இருக்கிறது. நம் ஊரில் உண்ணி என்றால் மாட்டு மடியில், நாய்க் காதில் ஒட்டிக்கிடக்கும். பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டால் வேலை முடிந்தது. இந்த ஊர் உண்ணி ஒரே கடியில் நல்ல திடமான பூனையை இரண்டு மூன்று வாரத்தில் கொன்றுவிடும். பூனை வைத்திருக்கிற, புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

என்ன நோய் இது

பெயர் சைட்டாக்ஸூனோசிஸ். வாயில் நுழையாததால் இங்கே எல்லோரும் பாப்கேட் ஃபீவர் என்கிறார்கள். பாப்கேட் என்பது இந்தக் காடுகளில் திரியும் குட்டை வால் காட்டுப்பூனை. சைட்டாக்ஸூன் ஃபெலிஸ் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி அதன் ரத்தத்தில் காலங்காலமாக இருந்து வருகிறது. பெரும்பாலும் காட்டுப்பூனைக்குப் பெரிய தொந்தரவு இல்லை. அதைக் கடித்த உண்ணி வளர்ந்து, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வீட்டுப் பூனையின் மேல் ஏறும்போதுதான் வினை.

மாடு வளர்த்த வீட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜெர்சி கலப்பினப் பசுக்களுக்கு உண்ணியால் வரும் தைலேரியா காய்ச்சல் தெரியுமல்லவா? நாட்டு மாடு தாங்கிக்கொள்ளும், கலப்பின மாடு படுத்துவிடும். சைட்டாக்ஸூன் அந்தத் தைலேரியாவின் பங்காளி, ஒரே குடும்பம். இங்கே காட்டுப்பூனை நாட்டு மாட்டின் இடத்தில் இருக்கிறது, நம் செல்லம் ஜெர்சியின் இடத்தில்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஒட்டுண்ணி பூனையின் வெள்ளையணுக்களில் ஒரு வகைக்குள் புகுந்து பெருகுகிறது. அந்த அணுக்கள் பல மடங்கு ஊதிப்போய், நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் இவற்றின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்கின்றன, சிங்க் குழாயில் சோற்றுப் பருக்கை அடைத்துக்கொள்வதுபோல. பிறகு அவை வெடித்து, அடுத்த தலைமுறை சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. பூனை காய்ச்சலில் விழுவது இந்தக் கட்டத்தில்.

1976இல் மிசௌரியில்தான் வீட்டுப் பூனைகளில் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். இன்று மிசௌரி, ஆர்கன்சா, ஓக்லஹோமா, கன்சாஸ், டெனசி, கென்டக்கி, ஜார்ஜியா, வட கரோலினா, ஃப்ளோரிடா என்று நாட்டின் தென்கிழக்குப் பாதி முழுக்க இருக்கிறது. டெக்சஸின் கிழக்குப் பகுதியும் சேர்த்தி. செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி, அட்லாண்டா, ராலே என்று தமிழ்ச் சங்கம் உள்ள பல ஊர்கள் இந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன.

மனிதருக்கு இது வராது. நாய்க்கும் வராது. பூனை கடிப்பதாலோ நக்குவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ இன்னொரு பூனைக்குத் தாவாது; நடுவில் உண்ணி வேண்டும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. "எல்லா ஊசியும் போட்டாச்சே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

உண்ணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

முக்கிய எதிரி லோன் ஸ்டார் டிக். வளர்ந்த பெண் உண்ணியின் முதுகில் ஒற்றை வெள்ளைப் பொட்டு இருக்கும், அதிலிருந்து வந்த பெயர். அமெரிக்கன் டாக் டிக் என்ற இன்னொன்றும் இந்த நோயைக் கடத்தக்கூடியது. இங்கே எங்களைப் படுத்துவது முன்னதுதான். புல் நுனியில் முன்னங்காலை விரித்துக்கொண்டு காத்திருப்பதோடு நிற்காமல், மூச்சுக்காற்றின் மணம் பிடித்து நம்மை நோக்கி நடந்தே வரும் ஜாதி.

அளவுக்குச் சமையலறைக் கணக்கே போதும். இளம் உண்ணி கசகசா அளவு. வளர்ந்தது, ரத்தம் குடிக்காதபோது எள்ளளவு. வயிறு நிரம்பியது ஆமணக்கு விதை. சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. லத்தீன்காரர்கள் ஆமணக்கை 'ரிசினஸ்' என்றார்கள், அந்தச் சொல்லுக்கு உண்ணி என்று பொருள். ஊருக்கு ஊர் ஒரே கண்தான் போலிருக்கிறது.

முட்டையிலிருந்து புதிதாக வந்த குஞ்சு உண்ணியிடம் இந்த நோய் இருக்காது. அது ஏதாவது ஒரு காட்டுப்பூனையையோ நோய் தாங்கிய வீட்டுப் பூனையையோ கடித்து, தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போன பிறகே கடத்த முடியும். ஆக, நாம் பயப்பட வேண்டியது கசகசாவுக்கும் எள்ளுக்கும்.

காலம்: மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் வரை. மே, ஜூன் உச்சம். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு சின்ன அலை. ஆனால் ஜனவரியிலும் நாலு நாள் வெயில் அடித்தால் உண்ணி எழுந்து வந்துவிடும். அதனால் மருந்தை வருஷம் முழுக்கப் போடுவதுதான் சரி என்பது என் கட்சி.

முதல் வேலை: வந்த வாரமே டாக்டரைப் பிடியுங்கள்

பூனைக்கு உடம்பு சரியில்லாதபோது புது டாக்டரைத் தேடினால், "புது ஆட்களுக்கு அடுத்த மாதம்தான் நேரம்" என்பார்கள். கேஸ் இணைப்பு வாங்குகிற வாரத்திலேயே பூனைக்கும் ஒரு கிளினிக்கில் பதிவு செய்துவிடுங்கள். அந்த முதல் சந்திப்பில் இரண்டு கேள்விகள் கட்டாயம் கேளுங்கள். லோன் ஸ்டார் டிக்குக்கு எங்கள் பூனைக்கு எந்த மருந்து ஏற்றது? சைட்டாக்ஸூனுக்கு அட்டோவகோன் என்ற மருந்து வைத்திருக்கிறீர்களா, இல்லையென்றால் அவசரத்துக்கு எங்கே கிடைக்கும்?

இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் டாக்டர் உங்களைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார். பரவாயில்லை. அட்டோவகோன் விலை கூடிய மருந்து, எல்லா கிளினிக்கிலும் இருப்பில் வைப்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதில் அரை நாள் மிச்சமாகும். இந்த நோயில் அரை நாள் பெரிய விஷயம்.

கூடவே, இரவும் ஞாயிறும் திறந்திருக்கும் அவசர மருத்துவமனையின் முகவரியை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். செல்லப்பிராணி இன்ஷூரன்ஸ் எடுக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே எடுங்கள். சேர்ந்த மறுநாளே செல்லாது, நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் செலவு ஆயிரக்கணக்கான டாலர் என்பதையும் மறைப்பானேன்.

இரண்டாவது: கழுத்துச் சொட்டு

உண்ணி மருந்துகள் இங்கே மூன்று உருவில் வருகின்றன: கழுத்தில் விடும் சொட்டு, மாத்திரை, கழுத்துப் பட்டை. சொட்டு மருந்துகளிலும் மாத்திரையிலும் இப்போது நன்றாக வேலை செய்பவை ஒரே வகையைச் சேர்ந்தவை. ஃப்ளூரலேனர், சரோலேனர், லோட்டிலேனர், எசாஃபாக்ஸொலேனர் என்று பெட்டியில் ஏதோ ஒரு 'லேனர்' இருக்கும். உண்ணி கடித்து ரத்தம் குடிக்கும்போது மருந்தும் உள்ளே போய் அதைக் கொல்லும்.

"கடிச்ச பிறகு செத்து என்ன பிரயோஜனம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. உண்ணி கடித்தவுடனே ஒட்டுண்ணி பூனைக்குள் போய்விடுவதில்லை. உண்ணி ஒட்டிக்கொண்டு ஒன்றரை நாளாவது ரத்தம் குடித்த பிறகுதான் கடத்துகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதற்குள் உண்ணியைக் கொன்றுவிட்டால் பூனை பிழைத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒன்றரை நாள்தான்.

பெட்டியை வாங்கும்போது அட்டையில் உண்ணிகளின் பட்டியலைப் படியுங்கள். கடைகளில் விற்கும் பல பூனை மருந்துகள் தெள்ளுப்பூச்சிக்கு மட்டும் ஆனவை. பெட்டியில் பூனை படம் பளபளவென்று இருக்கும், உண்ணி என்ற பேச்சே இருக்காது. சில மருந்துகள் ஓரிரு உண்ணி வகைகளை மட்டும் குறிப்பிடும். உங்கள் டாக்டர் சொல்லும் மருந்து லோன் ஸ்டாரைக் கொல்லுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். குட்டியின் வயது, எடைக்கும் வரம்பு உண்டு. வலிப்பு வந்த பூனையென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த லேனர் வகை மருந்துகளால் சில பிராணிகளுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது.

பட்டையில், இமிடாக்ளோப்ரிடும் ஃப்ளூமெத்ரினும் சேர்ந்த செரெஸ்டோ பட்டையை வைத்து 2013இல் வெளியான ஒரு சோதனை உண்டு. நோய் தாங்கிய உண்ணிகளைப் பூனைகள்மேல் விட்டுப் பார்த்தார்கள். பட்டை போட்ட பூனை ஒன்றுக்கும் நோய் வரவில்லை. பட்டை எட்டு மாதம் தாங்கும். ஆனால் இணையச் சந்தையில் போலிப் பட்டைகள் நிறைய. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது லிங்க் அனுப்பினால் நன்றி சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள்.

சொட்டு விடுவது சுலபம், பூனை சம்மதித்தால். சாப்பாடு முடிந்து அசந்து உட்கார்ந்திருக்கும் நேரம் பாருங்கள். பின்மண்டை கழுத்தோடு சேரும் இடத்தில் முடியை விரலால் வகிடெடுத்து, தோல் தெரிந்த பிறகு குழாயின் மூக்கைத் தோலிலேயே வைத்து முழுதும் பிழியுங்கள். முடிமேல் ஊற்றினால் பாதி வீண். நாக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான், அதனால்தான் அங்கே. வீட்டில் இரண்டு பூனை இருந்தால் காயும்வரை தனித்தனி அறை, ஒன்றையொன்று நக்கிவிடும். நக்கினால் கசப்பில் நுரை நுரையாக எச்சில் விடும், பார்க்கவே பயமாக இருக்கும்.

இப்போது தடித்த எழுத்தில் அச்சடிக்க வேண்டிய விஷயம். நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அளவைக் குறைத்தும் போடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்தில் உடம்பு வெடவெடத்து, வலிப்பு கண்டு, செத்துப்போகும். உண்ணியிடமிருந்து காப்பாற்றப் போய் நாமே கொல்கிற கதை. மலையேறப் போகிறவர்கள் பேன்ட்டிலும் ஷூவிலும் அடித்துக்கொள்ளும் ஸ்பிரேயும் பெர்மெத்ரின்தான். ஈரம் முழுதும் காயும்வரை பூனை கிட்டே வரக்கூடாது. வீட்டில் நாயும் இருந்தால், பெர்மெத்ரின் இல்லாத மருந்தை நாய்க்குத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நாய்க்கு மருந்து போடாமலும் விடாதீர்கள். உண்ணியை வீட்டுக்குள் சுமந்து வருவது பெரும்பாலும் அதுதான்.

வேப்பெண்ணெய், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய், மஞ்சள் பற்று என்று அம்மாக்கள் போனில் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். தைலங்கள் பூனைக்கு விஷமாகும். மஞ்சள் விஷமில்லை, உண்ணிக்கும் விஷமில்லை.

மூன்றாவது: உள்ளேயே இருக்கட்டும்

இதைச் சொன்னால்தான் கோபம் வரும். "பூனைன்னா வெளிய போகாதா?" போகும். ஊரில் போய் வந்த பூனைகளோடு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் இந்த ஊரில் மருந்து, பட்டை எல்லாவற்றையும்விட நிச்சயமான காப்பு மூடிய கதவு. ஓக் மரமும் சருகும் மானும் இருக்கிற இடமெல்லாம் லோன் ஸ்டார் இருக்கும். வெள்ளைவால் மான் அதற்குப் பந்தி. உங்கள் பின்கட்டில் காலையில் மான் மேய்கிறது என்று படம் எடுத்துப் போடுகிறீர்கள் என்றால், அந்த மான் என்ன உதிர்த்துவிட்டுப் போகிறது என்றும் யோசிக்க வேண்டும்.

வெளிக்காற்று வேண்டுமென்றால் கொசுவலை அடித்த வராந்தா நல்லது. ஜன்னலோரம் ஒரு பலகை அடித்து, வெளியே பறவைத் தீனி தொங்கவிட்டால் பாதி நாள் அதிலேயே ஓடிவிடும். புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள், சருகைக் கூட்டுங்கள், புல்வெளிக்கும் மரக்கூட்டத்துக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு மரச்சீவலோ சரளையோ பரப்புங்கள். உண்ணி குறையும், ஒழியாது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் சொட்டு மருந்து வேண்டும். நாய் மேல், நம் பேன்ட் மடிப்பில், தோட்டத்தில் உட்கார்ந்த போர்வையில் உண்ணி உள்ளே வந்துவிடும்.

நாலாவது: ராத்திரி ஒரு தடவல்

தினம் ஒரு முறை, டிவி பார்க்கும்போது மடியில் போட்டுக்கொண்டு விரல் நுனியால் தோல்வரை தடவிப் பாருங்கள். காதின் உள்ளும் பின்னும், தாடையின் அடி, கழுத்துப் பட்டையின் கீழ், அக்குள், தொடை இடுக்கு, விரல்களுக்கு நடுவே, வாலடி. எள் மாதிரி ஏதாவது நெருடினால் முடியை விலக்கி வெளிச்சத்தில் பாருங்கள். மருவோ முலைக்காம்போ என்று குழம்பிப் பிடுங்கிவிடாதீர்கள்; ஆண் பூனைக்கும் காம்பு உண்டு. (சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.)

ஒன்றும் அகப்படவில்லை என்பதால் உண்ணியே இல்லை என்று ஆகாது. பூனை நாள் பூராவும் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. நாம் பார்ப்பதற்குள் பலவற்றை அதுவே கடித்து எடுத்துவிடும். நோய் வந்த எத்தனையோ பூனைகளில் ஒரு உண்ணியைக்கூட யாரும் பார்த்ததில்லை.

ஐந்தாவது: எடுக்கும் முறை

கூர்மூக்கு இடுக்கி ஒன்று வாங்கி வையுங்கள். புருவம் பிடுங்குகிற பட்டை மூக்கு இடுக்கி நசுக்கிவிடும். கையுறையோ டிஷ்யூவோ போட்டுக்கொண்டு, தோலை ஒட்டி உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேலே இழுங்கள். வயிற்றைப் பிடித்தால் உள்ளே இருப்பது பூனைக்குள் பிதுங்கும். லோன் ஸ்டாருக்கு வாய் நீளம், துணுக்கு உள்ளே தங்கலாம். தோண்டாதீர்கள், தானாக வெளியே வந்துவிடும். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், தீக்குச்சி, கற்பூரம் எதுவும் வேண்டாம்.

எடுத்ததைச் சாராய ஸ்பிரிட்டில் போட்டு மூடி வையுங்கள். கடித்த இடத்தையும் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலண்டரில் அன்றைய தேதியில் 'உ' என்று எழுதுங்கள். பிள்ளையார் சுழி மாதிரி இருக்கும், மறக்காது. அன்றிலிருந்து மூன்று வாரம் பூனையின் சாப்பாட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும். நோய் வருவதானால் பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து நாளுக்குள் தெரியும்.

உங்கள் காலையும் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு சைட்டாக்ஸூன் வராதுதான். ஆனால் இதே லோன் ஸ்டார் கடியால் சிலருக்கு ஆல்ஃபா கால் என்ற ஒவ்வாமை வந்து, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். சிலருக்குப் பால், நெய்கூட ஆகாது. மட்டன் பிரியாணிக்காக ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பவர்கள் பூனைக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள்.

ஆறாவது: சோறு வேண்டாம் என்கிற நாள்

எங்கள் பூனையின் பெயர் மிளகு, சாம்பல் நிறம். ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை காலையில் தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனது. வெயில், அதான் என்று நினைத்தேன். மத்தியானம் குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் கொண்டுபோன இடத்தில் காய்ச்சல் 105 என்றார்கள், ஏதோ வைரஸ் என்றார்கள், ஒரு ஊசி போட்டு திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். உண்ணி என்ற வார்த்தையை அவர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியாது. ஞாயிறு ராத்திரி ஈறு மஞ்சளாகிவிட்டது. திங்கள் விடிவதற்குள் முடிந்துபோனது.

அதனால் இந்தப் பகுதியை மட்டும் மெதுவாகப் படியுங்கள். முதல் அடையாளம் சோர்வும் சாப்பாட்டு வெறுப்பும். அவ்வளவுதான், வேறு ஆர்ப்பாட்டம் இல்லை. கூப்பிட்டால் வராது, இருட்டில் ஒளிந்துகொள்ளும், தூக்கினால் வலியில் கத்தும். உடம்பு கொதிக்கும். பூனைக்கு 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பான சூடு, நம் 98.6 கணக்கை அதன்மேல் போடாதீர்கள். 103ஐத் தாண்டினால் காய்ச்சல். இந்த நோயில் 105, 106 வரை ஏறும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மூடும். ஈறு வெளுக்கும், பிறகு ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகும். மூச்சு வாங்கும். கடைசியில் சூடு திடீரென்று இறங்கி உடம்பு சில்லிடும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று அப்போது மகிழ்ந்துபோனவர்கள் உண்டு. அது விட்ட காய்ச்சல் அல்ல. முதல் அடையாளத்திலிருந்து முடிவுவரை பெரும்பாலும் ஒரு வாரத்துக்கும் குறைவு.

மார்ச் கடைசி முதல் செப்டம்பருக்குள் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தொடாமல் பூனை சுருண்டு படுத்தால், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். வாசலில் நுழையும்போதே சொல்லுங்கள்: "வெளியே போகிற பூனை, உண்ணி இருக்கிற இடம், சைட்டாக்ஸூனா என்று பார்க்க முடியுமா?" ஆங்கிலத்தில் ஒரு தரம் வீட்டிலேயே சொல்லிப் பழகிக்கொண்டாலும் தப்பில்லை. டாக்டருக்கு நாம் பாடம் எடுப்பதா என்ற கூச்சம் நம்மவர்களுக்கு அதிகம். நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபிப்பதில்லை.

போகும்முன் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650, குரோசின், இங்கே டைலனால், பெயர் எதுவானாலும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய விஷம். ஒரே மாத்திரை கொல்லும். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம்.

ஏழாவது: ஆஸ்பத்திரியில்

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் போல ஒட்டுண்ணி தெரிந்தால் நோய் உறுதி. ஆரம்ப நாளில் தெரியாமலும் போகலாம். அப்போது நிணநீர்க் கட்டியிலோ மண்ணீரலிலோ ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். பிசிஆர் சோதனைக்கு வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வர நாளாகும். முடிவு வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை, சந்தேகம் பலமாக இருந்தால் தொடங்கிவிடுவதுதான் வழக்கம்.

சிகிச்சை, அட்டோவகோனும் அசித்ரோமைசினும் சேர்த்து. முன்னது மஞ்சள் நிறக் குழம்பு மருந்து, எட்டு மணிக்கு ஒரு தரம், பின்னது நாளுக்கு ஒரு தரம், பத்து நாள். இதற்கு முன்பு இமிடோகார்ப் என்ற ஊசியைத்தான் நம்பியிருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டு 80 பூனைகளில் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. இமிடோகார்ப் பெற்றவற்றில் 26 சதவீதம் பிழைத்தன, அட்டோவகோன் கூட்டு பெற்றவற்றில் 60 சதவீதம். மருந்தே இல்லாமல் பிழைப்பது அபூர்வம். மாட்டுத் தைலேரியாவுக்கு நம் ஊரில் போடும் பூபார்வகோன் இந்த அட்டோவகோனின் உறவுக்காரன்தான். பூனைக்குப் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

மருந்தோடு குளுக்கோஸ், ஆக்சிஜன், தேவைப்பட்டால் ரத்தம், மூக்கு வழிக் குழாயில் உணவு. முதல் ஒன்றிரண்டு நாள் மருந்து போட்டும் பூனை இன்னும் மோசமாகும். பலர் அங்கேதான் மனம் விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளைத் தாண்டியவை பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன. தினமும் போய்த் தூக்கிக் கொஞ்சாதீர்கள். அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதும் சிகிச்சைதான்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு மஞ்சள் மருந்தைக் கொழுப்புள்ள உணவோடு கொடுங்கள், அப்போதுதான் உடம்பில் ஏறும். பூனை துப்பும். சட்டை, சுவர், சோபா எல்லாம் மஞ்சளாகும். பழைய நைட்டி ஒன்றை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். இரவு இரண்டு மணி வேளையைத் தவற விடாதீர்கள்; வீட்டில் இருக்கும் எல்லோரும் முறை வைத்துக்கொண்டால் தாங்கும். மலேரியாவுக்கு என்று வீட்டில் வேறு மாத்திரை ஏதாவது இருந்தால் அதை இதற்குப் பதிலாகக் கொடுக்க நினைக்க வேண்டாம்.

பிழைத்த பூனை

பிழைத்து வந்த பூனை துள்ளி விளையாடும், எடை போடும், எப்போதும்போல் அடுக்களை மேடையில் ஏறும். ஆனால் அதன் சிவப்பணுக்களில் ஒட்டுண்ணி மிச்சம் இருக்கும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. அதற்கு அதனால் தொந்தரவு இல்லை. அதைக் கடிக்கும் உண்ணிக்கு மட்டும் அந்த ரத்தத்தோடு நோயும் கிடைக்கும். அந்த உண்ணி தோலுரித்து அடுத்த வீட்டு வேலிக்கு நகரும். நோய் வந்து போனதே, இனி எதற்கு மருந்து என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருக்கோடியில் பிழைத்த பூனை ஒன்று இருக்கிறது. மாதம் முதல் தேதி அதன் கழுத்தில் சொட்டு விழுந்ததா என்று அதன் வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொள்கிறேன். என் ஜன்னலோரம் இப்போது இரண்டு பூனைகள் இருக்கின்றன.